தீவகத்துக் கிணறும் பல்கலைக்கழகமும்



‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன எவை? உயர்தரப் பரீட்சை, பத்திரிகையில் வெளிவரும் வெட்டுப்புள்ளி, பட்டமளிப்பு விழாவிலே கறுப்பு அங்கியுடன் எடுத்த நிழற்படம், அதன்பின் ஓர் உத்தியோகம். நம் வீட்டு வளவிலுள்ள கிணற்றுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தொடர்புண்டு என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

தொடர்பு உண்டு. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் வாழும் குடும்பங்களுக்கு அத்தொடர்பு வாழ்வா, வெளியேற்றமா என்ற கேள்வியோடு பிணைந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் பள்ளிக்கூடம் நிலைக்காது, கோயில் நிலைக்காது, குடும்பமும் நிலைக்காது. ஆகவே நிலைபேறான அபிவிருத்திக்கான கல்வியில் பல்கலைக்கழகங்களின் பங்கு என்ன என்பதை, நமது தீவகத்தையே சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நிலைபேறான அபிவிருத்தி என்பது யாது?

1987ஆம் ஆண்டில், நோர்வே நாட்டின் பிரதமராயிருந்த குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு ஓர் அறிக்கையை வெளியிட்டது. இன்று வாழ்வோர் தம் தேவைகளை நிறைவுசெய்ய வேண்டும்; ஆனால் நாளை வாழப்போகும் பிள்ளைகள் தம் தேவைகளை நிறைவுசெய்யும் ஆற்றலை அது பறித்துவிடக் கூடாது. இத்தகைய வளர்ச்சியையே அவ்வறிக்கை நிலைபேறான அபிவிருத்தி என்று விளக்கிற்று.

இதனை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் ஒரு குடும்பம் கிணற்றிலிருந்து இறைத்த நீருக்குத் தோள்வலியே எல்லையாக இருந்தது. இன்று விசையை அழுத்தினால் மோட்டர் ஓடுகிறது; தாங்கி நிரம்பி வழிந்த பின்னரே நிறுத்துகிறோம். இறைப்பது எளிதாயிற்று, மழை தரும் நீரின் அளவு அதற்கேற்பக் கூடவில்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டு, வருங்காலப் பிள்ளைக்கும் பங்கு வைத்து வாழக் கற்பதே நிலைபேறான அபிவிருத்திக்கான கல்வி.

கிணற்றின் அடியில் நடப்பது என்ன?

நமது தீவுகளில் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொண்டுவரும் மழையே நம் செல்வம். அம்மழை மணலூடாகவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாகவும் கீழிறங்குகிறது. கீழே சுற்றிலும் இருப்பது கடல்நீர். நன்னீரைவிடக் கடல்நீர் சிறிது பாரமானது. ஆதலால் மழைநீர் கடல்நீருடன் உடனே கலந்துவிடாமல், அதன்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதனை ‘நன்னீர் வில்லை’ என்பர். மூக்குக்கண்ணாடியின் வில்லையை நினைத்துக்கொண்டால் வடிவம் விளங்கும்.

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளரான பாடன் கைபனும், சில ஆண்டுகளின் பின் ஜெர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திற்கு மேலே 1 அடி உயர்ந்திருந்தால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. கேட்க மகிழ்ச்சியாயிருக்கிறது. ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அப்படியே நின்றுவிட்டால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு ஓரடி வேறுபாடுதான் தெரியும். அடியில் நிகழும் நட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை உவராகிய கிணறு மீண்டும் நன்னீராகப் பல மாரிகள் வேண்டியிருக்கும்.

குடாநாட்டில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்று.

இதனை அறியாமையால் வரும் கேட்டுக்கு நமது நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கிழக்குக் கரையோரத்து ஆயிரக்கணக்கான கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. துயருற்ற மக்களுக்கு உதவும் நல்லெண்ணத்துடன் பலர் இயந்திரங்களைக் கொண்டுவந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தனர். உப்பு குறையவில்லை, சில இடங்களில் கீழிருந்த உவர்நீரே மேலே இழுக்கப்பட்டது. கிணற்றைச் சுத்தஞ்செய்தபின் மிகையாக இறைக்காமல், மழை வந்து கழுவும்வரை பொறுப்பதே நலம் என்று நிலத்தடி நீரை ஆராய்ந்த அறிஞர்கள் பின்னர் அறிவுறுத்தினர். நல்ல மனம் இருந்தது. உரிய அறிவு உரிய வேளையில் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை. அறிவைக் கிணற்றடிவரை கொண்டுவந்து சேர்ப்பது யாருடைய கடமை? இங்கேதான் பல்கலைக்கழகத்தின் பங்கு தொடங்குகிறது.

உலகப் பல்கலைக்கழகங்கள் அளித்த வாக்கு

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரான்ஸ் நாட்டிலுள்ள தலுவார் என்னும் ஊரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினர். சுற்றாடலைப் பேணும் அறிவைத் தம் மாணவர் யாவருக்கும் ஊட்டுவோம், ஆராய்ச்சியை அதற்கு ஈடுபடுத்துவோம், தம் வளாகத்தையே முன்மாதிரியாக்குவோம், அயலிலுள்ள மக்களோடும் பள்ளிகளோடும் சேர்ந்து உழைப்போம் என்ற கருத்துகளோடு ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டனர். பின்னர் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் அதிற் சேர்ந்தன. 1992இல் ரியோ டி ஜெனீரோ மாநாடு, கல்வியை இப்பணிக்கு இன்றியமையாத கருவியாக ஏற்றது. 2005 முதல் 2014 வரையான பத்தாண்டுகளை ஐக்கிய நாடுகள் சபை இக்கல்விக்கென ஒதுக்கியது. 2015இல் வகுக்கப்பட்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் நான்காவது இலக்கு கல்வி. 2030ஆம் ஆண்டுக்குள் கற்போர் அனைவரும் இத்தகைய வாழ்வுக்கான அறிவும் திறனும் பெறவேண்டும் என்று அதன் ஒரு பிரிவு கூறுகிறது.

திருச்சபையும் இதில் வாளாவிருக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென விடுத்த சட்ட ஏட்டில், அவை ஆராயவேண்டிய காலத்தின் முக்கிய பிரச்சினைகளுள் இயற்கையைப் பாதுகாத்தலையும் சேர்த்துக் கூறினார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலின் இறுதி அதிகாரம் முழுவதும் சூழலியற் கல்வியையும் ஆன்மிகத்தையும் பற்றியது. இக்கல்வி நடைபெறும் இடங்களாகப் பள்ளி, குடும்பம், தொடர்பு சாதனங்கள், மறைக்கல்வி ஆகியவற்றை அவர் குறிப்பிட்டு, அவற்றுள் குடும்பத்துக்குச் சிறப்பிடம் அளிக்கிறார். எனவே இது பேராசிரியர்களின் விடயம் என்று நாம் ஒதுங்க இடமில்லை.

இரண்டு டெல்ஃப்ட்

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த தீவு லைடன் ஆயிற்று. நெடுந்தீவு இன்றும் அரசாங்க ஏடுகளில் அப்பெயரைத் தாங்குகிறது. பெயர் வந்த அந்நகரங்களின் கதையைச் சற்று நோக்குவோம்.

ஒல்லாந்து நாட்டின் கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பது. 1953ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் கடல் கரைகளை உடைத்து ஊருக்குள் புகுந்தபோது அங்கே 1,800க்கும் அதிகமானோர் மாண்டனர். கடலை அறிந்தாலன்றித் தங்களுக்கு வாழ்வில்லை என்பதை அம்மக்கள் நன்கு உணர்ந்தவர்கள். லைடன் நகரில் 1575 முதல் பல்கலைக்கழகம் உண்டு. டெல்ஃப்ட் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1842இல் தோன்றிய கல்விக்கூடத்திலிருந்து வளர்ந்தது. அதே டெல்ஃப்டில் 1957 முதல் நீரியலைக் கற்பிக்கும் சர்வதேச நிறுவனமும் இயங்குகிறது. ஆசிய, ஆபிரிக்க நாடுகளிலிருந்து பொறியியலாளர் பலர் அங்கு சென்று பயில்கின்றனர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கரையோர மணற்குன்றுகளில் ஊறும் நன்னீரைக் குழாய்வழி பெற்றுவந்தது. நகரம் வளர வளர மிகையாக எடுத்தனர். உவர் மேலேறத் தொடங்கிற்று. அவர்கள் மணற்குன்றைக் கைவிடவில்லை. ஆராய்ந்து, 1950களில் ஆற்றுநீரைச் சுத்திகரித்துக் குழாய்மூலம் கொண்டுவந்து மணலிலே இறக்கி, நன்னீர் வில்லையை மீண்டும் நிரப்பினர். நம் தீவகத்திலும் மணற்பாங்கான இடங்களே நன்னீரைத் தேக்கிவைக்கும் களஞ்சியங்கள். அம்மணலை வெட்டி ஏற்றிச் செல்வோர், லொறியில் மணலை மட்டும் கொண்டுபோகவில்லை. அடுத்த தலைமுறையின் குடிநீரையும் சேர்த்தே கொண்டுபோகின்றனர்.

அந்த டெல்ஃப்டுக்கும் நம் டெல்ஃப்டுக்கும் கடல் ஒன்றே, உவர் ஒன்றே. அங்கே நீரை அறியும் கல்விக்கூடம் ஊருக்குள்ளேயே இருந்தது. அவர்களிடம் இருந்த பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் கிணற்று மட்டத்தை அளப்பதற்கும் அளந்ததை எழுதிவைப்பதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

நமது பல்கலைக்கழகம்

1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் தொடங்கப்பெற்றது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவராயிருந்தார். 1979 ஜனவரி முதல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் விவசாய பீடம் ஆரம்பமாயிற்று. பின்னர் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியற் பீடமும் உருவாயிற்று. புவியியல், இரசாயனவியல், விவசாயம், பொறியியல் ஆகிய துறைகளில் பணிபுரிவோர் குடாநாட்டின் நிலத்தடி நீரில் உவர், நைத்திரேற்று முதலியவற்றை ஆராய்ந்து வந்துள்ளனர். போரும் இடப்பெயர்வும் சூழ்ந்த ஆண்டுகளிலும் ஒரு பல்கலைக்கழகம் மூடுண்டு போகாமல் நிலைத்தது சிறிய காரியமன்று. அதற்கு நாம் நன்றியுடையோராய் இருத்தல் வேண்டும்.

எனினும் அன்புள்ளோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்துக்கு மூன்று கடமைகள் என்பர்: கற்பித்தல், ஆராய்தல், ஆராய்ந்ததை மக்களிடம் சேர்த்தல். முதலிரண்டுக்கும் பரீட்சை உண்டு, பட்டம் உண்டு, பதவி உயர்வு உண்டு. மூன்றாவதற்கு என்ன உண்டு?

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மாணவன் ஒருவன் ஆய்வுக்காகப் போத்தல்களுடன் தீவுக்கு வருகிறான். கிணற்றடியில் நிற்கும் ஆச்சி அவனை வரவேற்று, இளநீரும் கொடுத்துவிட்டு, “தம்பி, போன மாரிக்கும் ஒரு பிள்ளை வந்து போத்திலிலை தண்ணி எடுத்துக்கொண்டு போனது. என்ன முடிவெண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ, குடிக்கக் கூடாதோ?” என்று கேட்கிறார். அவன் என்ன மறுமொழி சொல்வான்? ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகத்தின் தட்டில் இருக்கிறது. அதன் முடிவு ஆச்சியின் கிணற்றைப் பற்றியது; ஆச்சிக்கு மட்டும் அது தெரியாது.

உலக அறிஞர் அவையில் ஏறவேண்டுமாயின் ஆங்கிலத்தில் எழுதத்தான் வேண்டும். அதைக் குறைகூறுதல் தகாது. ஆனால் ஒவ்வோர் ஆய்வேட்டுடனும், ஆராயப்பட்ட ஊரின் மக்களுக்கென்று இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்று எழுதப்பட்டு, பிரதேச செயலகத்திலும் பாடசாலையிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் வைக்கப்படுமாயின் எவ்வளவு நன்மை! எந்தக் கிணற்றில் குழந்தைக்குப் பால்மா கரைக்கலாம், எதில் கூடாது என்று ஒரு தாய் அறிவாள். நீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளத் தாய்க்குப் பட்டம் தேவையில்லை. சொல்லுபவர் ஒருவரே தேவை.

மாணவரிடம் வந்த பல்கலைக்கழகங்கள்

இவ்வாறு நடத்திக்காட்டிய இடங்கள் உண்டு. பசிபிக் சமுத்திரத்தில் 1968இல் தொடங்கப்பெற்ற தென்பசிபிக் பல்கலைக்கழகம் 12 தீவு நாடுகளுக்குப் பொதுவானது. தலைமை வளாகம் பீஜித் தீவின் சுவா நகரில் இருந்தாலும், உறுப்பு நாடுகள் தோறும் அதன் கிளைகள் உள்ளன. 1970களிலேயே செயற்கைக்கோள் வழியாகத் தூரத் தீவுகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிற்று. மாணவர் எல்லோரும் கடல்தாண்டி வருக என்று காத்திராமல், பல்கலைக்கழகமே கடல்தாண்டிச் சென்றது. நமது நன்னீர் வில்லை போன்ற மெல்லிய வில்லையை நம்பியே கிரிபாத்தி முதலிய பவளத் தீவுகளின் மக்களும் வாழ்கிறார்கள் என்பதையும் நினைவிற் கொள்க.

தமிழ்நாட்டில் திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள காந்திகிராமத்தில் 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டு, 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாணவர் கிராமங்களிற் சென்று தங்கி மக்களுடன் பணியாற்றுவது அங்கு கல்வியின் ஓர் அங்கம். புத்தகத்திற் படித்தது வயலிற் செல்லுமா என்று கமக்காரனே பரீட்சிக்கிறான். அதைவிடக் கடினமான பரீட்சை எது?

கரம்பன் தந்த பேராசிரியர்

நம் தீவகமே இதற்கு முன்னோடியை ஈன்றிருக்கிறது. 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். குருவானவராய், பேராதனையிலும் மலாயாவிலும் பல்கலைக்கழக ஆசானாய், உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணராய் விளங்கி 1980இல் இறைபதமெய்தினார். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றியது. இலண்டனில் கலாநிதிப் பட்டத்துக்குச் செய்த ஆய்வோ பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை பற்றியது. இயற்கையும் கல்வியும்: இன்று உலகம் பேசும் விடயத்தின் இரு பாதிகளும் கரம்பனில் பிறந்த ஒருவரின் ஆராய்ச்சியில் இருந்தன.

நெய்தல் நிலத்து மக்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நிலத்தை அறிந்தே நம் முன்னோர் வாழ்வை வகுத்தனர். சோளகம் வீசும் காலம் எது, வாடை திரும்பும் காலம் எது, எந்தக் கேணியில் நீர் கடைசியாய் வற்றும் என்பனவெல்லாம் எழுதப்படாத பாடநூல்களாய் முதியோரிடம் இருந்தன. நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளும், ஊர்தோறும் தோண்டிய குளங்களும் கேணிகளும் துரவுகளும் அந்த அறிவின் சின்னங்களே. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளில் தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோது, பல கிணறுகள் இறைப்பாரற்றுத் தூர்ந்தன. கிணற்றோடு கிணற்றை அறிந்தவரின் நினைவும் தூர்ந்துபோயிற்று. எஞ்சியுள்ள முதியோரிடமிருந்து அதைக் கேட்டு எழுதிவைப்பதும் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிதான். அதனை இன்னும் பத்தாண்டு கழித்துச் செய்ய முடியாது.

படித்தவர் எங்கே போகிறார்?

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாய் நோக்குவோம். பல்கலைக்கழக அனுமதியில் பல பாடநெறிகளுக்கு இடங்களின் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகிறது. யாழ்ப்பாண நகரமும் நெடுந்தீவும் ஒரே மாவட்டம். நகரில் எல்லா வசதிகளோடும் படிக்கும் பிள்ளையும், கடல் கொந்தளித்தால் ஆசிரியர் வந்துசேர முடியாத பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அந்த வரிசையிலும் முந்திக்கொண்டு தீவகப் பிள்ளை ஒன்று பல்கலைக்கழகம் செல்லுமாயின், ஊரே மகிழ்கிறது. ஆனால் அப்பிள்ளை பெரும்பாலும் திரும்புவதில்லை. கொழும்பு, பின்னர் கனடா, அல்லது இலண்டன்.

பிள்ளையைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்? தொழில் இல்லாத இடத்துக்கு எப்படித் திரும்புவது? ஆனால் இதோ ஒரு வாய்ப்பு. நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் திட்ட அளவு சூரிய ஒளியில் 1,700 கிலோவாற்று, காற்றில் 530 கிலோவாற்று. உவர்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களும் வடக்கில் பெருகி வருகின்றன; தாளையடியில் அமைந்த பெரிய நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். பழுதானால் திருத்துபவர் யார்? கடல்நீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் மிகை உவரை எங்கே விடுவது? அதை நிலத்தில் ஊற்றினால் வில்லை கெடும். மீன் பெருகும் ஆழமற்ற கடலில் ஊற்றினால் அங்கும் கேடு நேரலாம். தீவிலேயே வாழும் பயிற்சிபெற்ற இளைஞர் இல்லாவிட்டால், திறப்பு விழாவின் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சும். நீண்ட பட்டப்படிப்போடு நில்லாமல், தீவக இளைஞருக்கும் யுவதிகளுக்கும் ஆறுமாதத் தொழிற்பயிற்சிகளைத் தீவிலேயே நடத்துவதும் பல்கலைக்கழகத்தின் மாண்புக்குக் குறைவாகாது.

காலமும் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது என்றும், உயரும் வேகம் கூடிவருகிறது என்றும் விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். மேட்டுநிலம் இல்லாத நம் தீவுகளுக்கு இது தூரத்துச் செய்தியன்று. கடல் ஊருக்குள் வருமுன்னர் கிணற்றுக்குள் வந்துவிடும்.

குடும்பம் செய்யக்கூடியவை

பல்கலைக்கழகத்திடம் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அதனோடு ஒத்துழைக்கும் கடமையும் உண்டு. வீட்டிலிருந்தே தொடங்கக்கூடிய சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, கிணற்றுக் குறிப்புப் புத்தகம். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சிட்டு, நுனியில் சிறு பாரம் கட்டுங்கள். மாதத்தில் ஒரு குறித்த நாள் காலையில், நீர் இறைக்குமுன், கிணற்றுக்கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று பிள்ளையைக் கொண்டு அளப்பித்து, திகதியுடன் எழுதுவியுங்கள். நீரின் சுவை மாறினால் அதையும் எழுதுங்கள். சிறு பிள்ளைகள் தனியே கிணற்றை எட்டிப் பார்க்காதிருக்கப் பெரியவர் ஒருவர் உடன் நிற்றல் அவசியம். ஓர் ஊரில் 50 வீடுகள் ஐந்தாண்டு இவ்வாறு எழுதிவைத்தால், எந்த ஆய்வுகூடமும் தனித்துச் சேர்க்க முடியாத செல்வம் அது. அப்புத்தகங்களை நீட்டி, “இதை ஆராய்ந்து சொல்லுங்கள்” என்று கேட்கும் ஊருக்குப் பல்கலைக்கழகம் மறுமொழி சொல்லியே ஆகவேண்டும்.

இரண்டாவது, மழைநீர். 50 சதுரமீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 5,000 லீற்றர் நீர். பீலி வைத்துத் தாங்கியில் சேர்த்தால் குடிநீர்ச் செலவு குறையும்; மிஞ்சியதைக் குழியில் விட்டால் வில்லை வளரும்.

மூன்றாவது, மலகூடக் குழி. கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில் அமைத்தல் வேண்டும். வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல்லில் அத்தூரமும் போதாதிருக்கலாம். எனவே புதிதாய்க் கட்டுவோர் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டே செய்க.

நான்காவது, புலம்பெயர்ந்த உறவினர். கோயில் திருநாளுக்கும் மண்டபத்துக்கும் தாராளமாய் உதவும் அவர்களிடம், ஊர்க் குளம் ஒன்றைத் தூர்வாரவும், ஊரின் நீரை ஆராயும் மாணவர் ஒருவருக்குப் படகுச் செலவும் தங்குமிடமும் தரவும் கேளுங்கள். தான் பிறந்த தீவைத் தான் படிக்கும் துறையால் காக்க முன்வரும் பிள்ளைக்குச் செய்யும் உதவி, ஊருக்கே செய்யும் உதவி.

சிந்திப்பதற்கும் பேசுவதற்கும்

இவ்வாரம் இரவு செபம் முடிந்தபின் குடும்பமாய் அமர்ந்து இக்கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. நம் கிணற்று நீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? முடிவு நமக்குத் தெரியுமா?

2. பத்தாண்டுகளுக்குமுன் நன்னீராயிருந்து இன்று உவரான கிணறு நம் ஊரில் உண்டா? அதன் கதையை அறிந்த முதியவர் யார்?

3. நம் வீட்டிலிருந்து அல்லது ஊரிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை, தான் கற்றதில் எதை ஊருக்குச் சொல்லக்கூடும்? நாம் எப்போதாவது அதைக் கேட்டதுண்டா?

கடைசிக் கேள்வியை மறவாதீர்கள். விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, “பரீட்சை எப்படி?” என்று கேட்பது வழக்கம். இம்முறை இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: “நீ படிச்சதிலை எங்கடை கிணத்துக்கு என்ன இருக்கு?” பிள்ளை உடனே மறுமொழி சொல்லாதிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே குறிகட்டுவானில் பஸ் ஏறும்.